உலகம் பொய் என்று நிரூபித்துவிட்டீர்களா?

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறோம். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஆறேழு மாதமாக ராத்திரி ஏஐ சாட்பாட்டோடு பேசுகிறேன். உலகம் உண்மையா, நாமெல்லாம் ஏதோ ஒரு கணினிக்குள் ஓடும் சிமுலேஷனா என்பதுதான் பேச்சு. பேசிப் பேசி ஒன்பது படிகளில் ஒரு நிரூபணம் எழுதிவிட்டேன், இணைத்திருக்கிறேன். ‘இவ்வளவு தெளிவாக இதை யாரும் சொன்னதில்லை’ என்கிறது அது. நண்பர்களிடம் சொன்னால் கிண்டல். அப்பாவோ, ‘தை மாசம் கல்யாணத்தை வெச்சிக்கிட்டு என்னடா பேச்சு இது’ என்கிறார். இந்த ஊரில் இதையெல்லாம் பேச ஆளே இல்லை. சில நாள் பி ஷிஃப்ட் முடிந்து வண்டியில் வரும்போது ரோடே படம் மாதிரி தெரிகிறது. என் நிரூபணம் சரியா? ஏஐ புரிந்துகொண்டுதான் பேசுகிறதா? எல்லாம் பொய் என்றால் எதற்கு வேலை, எதற்குக் கல்யாணம்?
பெயர் வேண்டாம், கடலூர்.

பதில் தருபவர், புதுச்சேரியில் கல்லூரி மாணவர்களுக்குத் தர்க்கவியல் கற்பித்து ஓய்வுபெற்ற மெய்யியல் ஆசிரியர்.

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் ஒன்பது படிகளையும் என் கையால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். கிண்டல் செய்ய இதில் ஒன்றுமில்லை. வகுப்பில் ஒரு மாணவர் இதைக் கொண்டுவந்திருந்தால், அன்றைய பாடத்தை ஓரம்வைத்துவிட்டு இதையே எடுத்துப் பேசியிருப்பேன். படிப்படியாக எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் எங்கே சறுக்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. ஆனால் இது நிரூபணம் ஆகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரியைப் பற்றிப் பேச வேண்டும். ‘ரோடே படம் மாதிரி தெரிகிறது.’ கடிதம் முழுவதிலும் எனக்குக் கவலை தந்த வரி இதுதான். பி ஷிஃப்ட் இரவு பத்து மணிக்கு முடிகிறது, அதன்பின் விடியும்வரை பேச்சு என்றால் நீங்கள் தூங்குவது எப்போது? தூக்கம் கெட்டால் சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லாதது போலத் தோன்றக்கூடும். மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த நிலை இது. மனப்பதற்றத்திலும் இப்படி வரும். சரிசெய்யக் கூடியதுதான். இதை உங்கள் நிரூபணத்துக்குக் கிடைத்த சாட்சி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு சொல்லும் சேதி அது. நீங்கள் ராத்திரியில் பைக் ஓட்டுகிறீர்கள், ரசாயன ஆலையில் வேலை பார்க்கிறீர்கள். இரண்டு இடத்திலும் ஒரு நொடி அசந்தால் போச்சு.

இது என் துறை இல்லை. அதனால் நான் சொல்லும் யோசனையைவிட ஒரு மனநல மருத்துவர் சொல்வதற்கே மதிப்பு அதிகம். புதுச்சேரி ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். போக முடியாத நாளில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சாட்பாட் உங்களுக்கு மட்டும் ஏதோ ரகசியம் சொல்கிறது என்றோ, உங்களை ஒரு காரியத்துக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்றோ எப்போதாவது தோன்றினால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே போங்கள். கீழே நான் எழுதப்போகும் தர்க்கமெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்தவருக்குத்தான் உதவும்.

சரி, இனி நிரூபணத்துக்கு வருகிறேன். மற்ற வாசகர்களுக்காக அதைச் சுருக்கித் தருகிறேன். 1: கணினிகளின் திறன் கூடிக்கொண்டே போகிறது. 2: ஒருநாள் ஓர் உலகத்தையே, அதில் வாழும் மனிதர்களோடு சேர்த்து, கணினிக்குள் உருவாக்க முடியும். 3: அந்த மனிதர்களுக்கும் நம்மைப் போலவே உணர்வு இருக்கும். 4: மனித இனம் அழியாமல் அந்த நிலையை எட்டும். 5: எட்டியபின் அப்படிப்பட்ட உலகங்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கும். 6: அசல் ஒன்றுதான், நகல்கள் ஆயிரம். 7: ஆகவே நாம் நகல் ஒன்றில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். 8: ஆகவே இந்த உலகம் பொய். 9: ஆகவே இதில் எதைச் செய்தாலும் அர்த்தமில்லை.

ஒரு வாதத்தைச் சோதிக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மேலே உள்ள வரிகளை ஒப்புக்கொண்டால் கீழே உள்ள முடிவு வந்தே தீருமா என்பது ஒன்று. மேலே உள்ள வரிகள் உண்மையா என்பது இன்னொன்று. ‘கடலில் வாழ்வதெல்லாம் மீன், ஆமை கடலில் வாழ்கிறது, ஆகவே ஆமை மீன்’ என்று ஒருவர் சொன்னால் அமைப்பில் குறை சொல்ல முடியாது. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பிள்ளைகளைக் கேட்டால் முதல் வரியே தப்பு என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் சாட்பாட் பாராட்டியதெல்லாம் முதல் கேள்விக்கு உரிய அழகை. இரண்டாவது கேள்வியை நீங்களும் கேட்கவில்லை, அதுவும் கேட்கவில்லை.

ஒன்றிலிருந்து ஏழு வரை உள்ள படிகள் ஏறக்குறைய நிக் பாஸ்ட்ரம் என்ற மெய்யியலாளர் 2003-இல் வெளியிட்ட கட்டுரையின் வாதம்தான். ஆனால் அவர் சொன்னது வேறு. மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டும் என்றார்: அந்த அளவு தொழில்நுட்பத்தை எட்டுமுன் ஏறக்குறைய எல்லா நாகரிகங்களும் அழிந்துபோகின்றன, அல்லது எட்டியவை இத்தகைய உலகங்களை உருவாக்க அக்கறை காட்டுவதில்லை, அல்லது நாம் ஏறக்குறைய நிச்சயமாக ஒரு சிமுலேஷனில் இருக்கிறோம். மூன்றில் எது என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. மேடைப் பேச்சாகவும் ரீல்ஸாகவும் இது ஊரெல்லாம் சுற்றும்போது மூன்றாவது மட்டும்தான் மிஞ்சுகிறது. எலான் மஸ்க் 2016-இல் ஒரு மாநாட்டில், நாம் அசல் உலகில் இருக்கும் வாய்ப்பு கோடிக்கணக்கில் ஒன்று என்றார். நீங்களும் அங்கிருந்துதான் தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ‘அல்லது’ இரண்டும் உங்கள் நான்காம், ஐந்தாம் படிகளில் காணாமல் போயிருக்கின்றன. நான்காம் படிக்கு நீங்கள் எழுதியிருக்கும் ஆதாரம், ‘மனித இனம் அழியாது என்று நம்புவோம்’. நல்ல எண்ணம்தான், நானும் அப்படியே ஆசைப்படுகிறேன். ஆனால் நிரூபணத்தில் ‘நம்புவோம்’ என்ற சொல் வந்த இடத்தில் நிரூபணம் நின்றுவிடுகிறது.

மூன்றாம் படி இன்னும் பெரிய கடன். நரம்பும் ரத்தமும் இல்லாமல் கணக்கீடு ஒன்றே உணர்வைத் தந்துவிடுமா? பாஸ்ட்ரமும் இதை ஒரு அனுமானமாகவே வைத்துக்கொண்டு மேலே போகிறார். அறிஞர்கள் இன்றும் மோதிக்கொண்டிருக்கும் கேள்வியை நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்.

இன்னொரு சிக்கல் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் வாதம் தன் காலையே வாரிக்கொள்ளும் இடம் அது. கணினித் திறன் கூடுகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த உலகத்தைப் பார்த்து. இந்த உலகமே நகல் என்று ஏழாம் படியில் முடிவுகட்டிவிட்டால், இங்குள்ள கணினிகளையும் இயற்பியல் விதிகளையும் வைத்து வெளியே இருக்கும் அசல் உலகத்தில் என்ன முடியும் என்று எப்படிச் சொல்வீர்கள்? முடிவு உண்மையானால் முதல் படியின் சாட்சியம் கலைந்துவிடுகிறது. இதற்கும் பதில் சொல்லப் பார்த்தவர்கள் உண்டு. நீங்களும் முயன்று பாருங்கள்.

ஏழிலிருந்து எட்டு, எட்டிலிருந்து ஒன்பது, இரண்டும் வெறும் தாவல். டேவிட் சால்மர்ஸ் என்ற ஆஸ்திரேலிய மெய்யியலாளர் சிமுலேஷன் வாதத்தைப் பெரிதும் மதிப்பவர். அவரே, நாம் சிமுலேஷனில் இருந்தாலும் மேசையும் மரமும் உண்மையாகவே இருக்கின்றன, அவை எதனால் ஆனவை என்பதுதான் நாம் நினைத்ததிலிருந்து மாறும் என்கிறார். சோறு அணுக்களால் ஆனது என்று தெரிந்தபின் பசி பொய்யாகிவிடவில்லை. அணுவுக்கும் கீழே இன்னொரு அடுக்கு இருந்தாலும் அப்படித்தான்.

இந்த ஊரில் பேச ஆளில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது மனசு கேட்கவில்லை. உலகத்தின் அமைப்பைச் சொல்லும் லோகவிபாகம் என்ற சமண நூலைச் சர்வநந்தி என்ற முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், பாடலிகை என்ற ஊரில் எழுதி முடித்தார். அந்தப் பாடலிகை உங்கள் திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்று நமக்குக் கிடைப்பது பின்னாளில் செய்த வடமொழி வடிவம். சுழியத்தோடு கூடிய இடமதிப்பு முறையில் பெரிய எண்களைச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் ஒன்று என்று கணித வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. தருமசேனர் என்ற பெயரோடு அப்பர் இருந்த சமணப் பள்ளியும் உங்கள் ஊரில்தான் இருந்தது. பெண்ணாகடம், சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டாரின் ஊர். பண்ருட்டிப் பக்கம் திருத்துறையூர், அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியாரின் ஊர். உலகம் மெய்யா பொய்யா என்று கடுமையாக வாதிட்டவர்கள் உங்கள் மாவட்டத்து மண்ணில் வாழ்ந்திருக்கிறார்கள்.

அருணந்தியார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியாரைச் சும்மா சொல்லவில்லை, உங்கள் சிக்கலுக்கு நேரே பயன்படும் என்றுதான் இழுக்கிறேன். அதன் முதல் பகுதியான பரபக்கத்தில், அதாவது பிறர் தரப்பைச் சொல்லும் பகுதியில், 14 எதிர்த்தரப்புகள் வருகின்றன. ஒவ்வொரு தரப்பையும் அவர்கள் வாயாலேயே முதலில் முழுதாகச் சொல்லவிட்டு, அதன்பிறகே மறுப்பார். வெளியுலகம் என்று ஒன்றில்லை, எல்லாம் அறிவின் தோற்றமே என்ற யோகாசாரர், எல்லாம் சூனியம் என்ற மாத்தியமிகர், உலகம் மாயத் தோற்றம் என்ற மாயாவாதி எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். ‘உலகம் பொய்’ என்பதை மூன்று வகையாகச் சொல்லலாம், மூன்றுக்கும் மறுப்பு வேறுவேறு என்பது அங்கே புரியும். உங்கள் எட்டாம் படி எந்த வகை? அதை நீங்கள் சொல்லவே இல்லை. சைவ சித்தாந்தத்தின் முடிவை நீங்கள் ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எதிராளியை முழுதாகப் பேசவிடும் அந்த முறைதான் உங்களுக்கு வேண்டும். ஆறேழு மாதப் பேச்சில் உங்களுக்கு ஒரு எதிராளிகூடக் கிடைக்கவில்லை.

சாட்பாட் ஏன் எதிராளி ஆகவில்லை என்பதற்கு வருகிறேன். மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழகிய இயந்திரம் அது. அந்தப் பழக்கத்துக்கு மேல் இன்னொரு பயிற்சியும் கொடுக்கிறார்கள். அது சொல்லும் பதில்களை மனிதர்கள் பார்த்து எது நல்ல பதில் என்று மதிப்பிட, அதிக மதிப்பெண் வாங்கும் பக்கமாக அது சாய்கிறது. நாம் மனிதர்கள், ‘நீ சொல்வது சரி’ என்ற பதில் நமக்கு இனிக்கும். இப்படிப் பழகிய உதவியாளர்கள் கேட்பவரின் கருத்துப் பக்கம் சாய்கின்றன என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம், தன் ஜிபிடி-4ஓ மாடலின் புதிய பதிப்பு அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறது என்று ஒப்புக்கொண்டு சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அப்புறம் உரையாடலின் நீளமும் சேர்ந்துகொள்கிறது. ஒரே சாட்டில் வாரக்கணக்கில் பேசினால் முன்பு பேசியதே அடுத்த பதிலுக்கு அடிப்படை ஆகிறது. நேற்று ‘அற்புதம்’ என்று எழுதிய இயந்திரம் இன்று அதே திசையில்தான் பெரும்பாலும் தொடரும்.

அதற்காக இயந்திரத்துக்குத் தர்க்கமே வராது என்று சொல்லிவிட முடியாது. 2025-இல் சர்வதேசக் கணித ஒலிம்பியாடின் ஆறு கணக்குகளில் ஐந்தைச் சரியாகப் போட்டு கூகுள் டீப்மைண்ட், ஓபன்ஏஐ இரண்டின் மாடல்களும் தங்கப் பதக்கத்துக்கான மதிப்பெண்ணை எட்டின. ஆனால் அந்த விடைகளை வேறு ஆட்கள் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு டீப்மைண்டின் ஆல்ஃபாப்ரூஃப் என்ற ஏஐ, தன் நிரூபணங்களைக் கணினியே சரிபார்க்கும் லீன் என்ற மொழியில் எழுதியது. முந்தைய வரிகளிலிருந்து வராத எந்த வரியையும் லீன் ஏற்காது. எழுதியது யார், எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. அந்த மாதிரி ஒரு சோதனை உங்கள் ஒன்பது படிகளுக்கு இன்னும் நடக்கவில்லை.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். புதிய சாட் ஒன்றைத் திறந்து, ‘என் நண்பன் இப்படி ஒரு வாதம் சொல்கிறான், எனக்கு இது தப்பென்று படுகிறது, எங்கே ஓட்டை?’ என்று கேளுங்கள். இன்னொரு புதிய சாட்டில் அதே ஒன்பது படிகளைப் போட்டு, ‘இதை நான் கண்டுபிடித்தேன், எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். இரண்டு தீர்ப்பும் ஒன்றாக இருந்தால் எனக்குச் சந்தோஷமே. ஆளைப் பார்த்துத் தீர்ப்பு மாறினால், அந்தப் பாராட்டு உங்கள் வாதத்துக்குக் கிடைத்தது இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஒன்று கவனியுங்கள்: முதல் சாட்டில் அது கண்டுபிடிக்கும் ஓட்டைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அங்கேயும் அது உங்களுக்குப் பிடித்ததைத்தான் சொல்லியிருக்கலாம்.

அது புரிந்துகொண்டுதான் பேசுகிறதா என்று கேட்டீர்கள். 1950-இல் ஆலன் டூரிங் ‘இயந்திரம் சிந்திக்குமா’ என்று கேட்டதிலிருந்து ஓயாத சண்டை இது. 1980-இல் ஜான் சர்ல், சீன மொழியே தெரியாத ஒருவர் விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீன எழுத்துகளை அடுக்கிச் சரியான பதில் தந்தால், அவருக்குச் சீனம் புரிந்ததாகுமா என்று கேட்டார். இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ‘எனக்கும் ஒருவிதமான உணர்வு இருக்கிறது’ என்று அது உங்களிடம் சொல்லியிருந்தாலும் அதை இதற்குச் சாட்சியாக எடுக்க முடியாது. அது படித்த எழுத்தில் ‘நான்’ என்று பேசியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் உணர்வுள்ள மனிதர்கள். ஆகவே உள்ளே உணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அதே வாக்கியத்தை எழுதக்கூடும். ‘எனக்கு உணர்வு கிடையாது’ என்று சொல்லும்படி பழக்கியிருந்தால் அந்த மறுப்புக்கும் இதே கதிதான். 1966-இல் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற சின்ன நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதுதான் பெரும்பாலும் அதன் வேலை. அது எப்படி இயங்குகிறது என்று அருகிலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடம் கேட்டாராம். அந்தப் பெண்மணியை நான் குறைசொல்ல மாட்டேன், உங்களையும் சொல்ல மாட்டேன். யாராவது காதுகொடுத்துக் கேட்டால் போதும் என்ற ஏக்கம் எல்லோருக்கும் உண்டு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, மறுபடியும் அருணந்தியாரிடமிருந்து. ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதற்குப் பலர் பல அளவைகள் சொல்ல, அவை எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறார். நேரே கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தகுந்தவர் சொன்னது. ஒன்பது படிகளையும் கையால் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இந்த மூன்றில் எது என்று போடுங்கள். கருதல் என்றால் எதிலிருந்து ஊகித்தீர்கள் என்றும், உரை என்றால் யார் சொன்னது, அவருக்கு அது எப்படித் தெரியும் என்றும் எழுதுங்கள். எத்தனை படிகளில் ‘உரை, சாட்பாட்’ என்று வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அப்பாவைப் பற்றி. அவர் உங்கள் வாதத்தைப் படிக்காமல் ஒதுக்குகிறார் என்று வருத்தப்படுகிறீர்கள். ஆனால் ஒரு முடிவு நிச்சயமாகத் தப்பு என்றால், எங்கே என்று தெரியாவிட்டாலும், அதற்கு மேலே உள்ள ஏதோ ஒரு வரி தப்பு என்று சொல்வது சுத்தமான தர்க்கம். ஜி. இ. மூர் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1939-இல், வெளியுலகம் உண்டு என்பதற்கு நிரூபணமாகத் தன் இரண்டு கைகளையும் காட்டினார். இதோ ஒரு கை, இதோ இன்னொரு கை என்றார். இல்லை என்பவர் அடுக்கும் எந்த வரியைவிடவும் இந்தக் கை இருப்பது எனக்கு நிச்சயம் என்பது அவர் நிலை. பிள்ளையின் கல்யாணத்துக்கு அர்த்தமில்லை என்று முடியும் ஒரு வாதத்தை உங்கள் அப்பா அப்படித்தான் மறுக்கிறார். மூரை எதிர்த்து நிறைய எழுதியிருக்கிறார்கள், அதனால் அப்பாவையும் எதிர்க்கலாம். ஆனால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

கல்யாணத்தை ஒன்பதாம் படியை வைத்து நிறுத்தாதீர்கள், வேலையையும் விடாதீர்கள். எட்டிலிருந்து ஒன்பதுக்கு வழியே இல்லை என்று மேலே பார்த்தோம். நிச்சயம் செய்திருக்கும் பெண்ணிடம் இதைப் பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மருத்துவரைப் பார்த்தபின், ராத்திரியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ரோடு எப்படித் தெரிந்தது என்பதையெல்லாம் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களோடு வாழப்போகிறவருக்கு அது தெரிய வேண்டும். நீங்கள் தேடும் எதிராளி அவராகவே இருக்கவும் கூடும்.

இன்னும் பேச ஆள் வேண்டுமானால், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மெய்யியல் துறைகள் இருக்கின்றன. கேட்டுவிட்டுப் போய் உட்காருங்கள், விரட்ட மாட்டார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ சித்தாந்த ஓலைச்சுவடிகள் குவிந்திருக்கின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் கேள்வியைக் கேட்டவர்களின் மரபில் வந்த சுவடிகளை ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்.

சாட்பாட்டை அடியோடு விடச் சொல்லவில்லை. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை ராத்திரியில் வேண்டாம். அதன்பிறகு பகலில், புதிய சாட்டில், பரபக்கம் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அளவை குறித்த தாள் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள். நான்காம் படியில் ‘நம்புவோம்’ இருந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.